ஜப்பான்ல தொழில்முறை பேஸ்பால் நிலைச்சது பேப் ரூத்தாலயா, ரயில் கம்பெனியாலயா?

தெருமுனை_கிரிக்கெட்:
துபாய்ல பேஸ்பால் லீக்னு ஒண்ணு கிளம்பியிருக்கே, யாராவது கவனிச்சீங்களா? 2023 நவம்பர்ல அங்க கிரிக்கெட் மைதானத்துலயே ரெண்டு ஆட்டம் நடத்திக் காட்டினாங்க. மும்பை கோப்ராஸ், கராச்சி மோனார்க்ஸ்னு டீம் பேரெல்லாம் வச்சாச்சு. அமெரிக்க லீக்ல ஆடின மரியானோ ரிவேரா மாதிரி பெரிய தலைங்க பணம் போட்டிருக்காங்க. ஆனா மும்பைல போய் ஒரு பையனை நிறுத்தி, பேஸ்பால்ல எத்தனை அவுட்டுக்கு இன்னிங்ஸ் முடியும்னு கேட்டா முழிப்பான்.

அப்பதான் ஜப்பான் ஞாபகம் வந்துச்சு. அதுவும் அவங்க ஊரு ஆட்டம் இல்லையே. 1934-ல அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் வந்தாரு, ஊரே கிறுக்குப் பிடிச்சு அலைஞ்சுது, உடனே தொழில்முறை டீம் ஆரம்பிச்சுட்டாங்கன்னு எங்கயோ படிச்சேன். அவ்வளவு சுலபமா நடந்த விஷயமா அது? அப்படின்னா துபாய்க்காரங்களும் ஒரு ரூத்தைக் கூட்டிட்டு வந்தா போதும்தானே.

பழையபேப்பர்:
ரூத்துக்கு இவ்வளவு பெருமை தேவையில்லை நண்பரே. அவர் வந்து இறங்கியபோது அந்த ஆட்டம் ஜப்பானுக்கு வந்து 62 வருடம் ஆகியிருந்தது.

1872-இல் ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் டோக்கியோவில் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ரயில் பொறியாளர் ஹிராவோகா ஹிரோஷி 1878-இல் ஷிம்பாஷியில் முதல் கிளப்பைத் தொடங்கினார். ஆனால் நாடே திரும்பிப் பார்த்தது 1896 மே மாதம். டோக்கியோவின் முதலாம் உயர்நிலைப் பள்ளி (இச்சிகோ என்பார்கள்) மாணவர்கள் யோகோஹாமாவில் இருந்த வெளிநாட்டவர் கிளப்பை, அவர்கள் மைதானத்துக்கே போய் 29-4 என்று அடித்து நொறுக்கினார்கள். உங்களோடு ஆடுவதா என்று அதுவரை தட்டிக்கழித்து வந்த கிளப் அது. மேற்கு நாடுகள் திணித்த சமமற்ற ஒப்பந்தங்களால் ஜப்பான் புழுங்கிக்கொண்டிருந்த காலம் வேறு. செய்தி பற்றிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

பிறகு பல்கலைக்கழகங்கள். வசேதா, கெய்யோ முதல் மோதல் 1903. ரஷ்யாவோடு போர் நடந்துகொண்டிருந்த 1905-லேயே வசேதா அணி கப்பலேறி அமெரிக்கா போய் ஆடியது. 1906-இல் இரு தரப்பு ஆதரவாளர்களும் கைகலப்பில் இறங்கிவிடுவார்கள் என்று பயந்து அந்தத் தொடரையே நிறுத்தினார்கள். மறுபடி ஆரம்பிக்க 1925 ஆனது. பத்தொன்பது வருடம் தடை போடவேண்டிய அளவுக்கு வெறி, அதுவும் ஒரு பைசா சம்பளம் வாங்காத மாணவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு.

இன்னொன்றும் கவனியுங்கள். முதல் தொழில்முறை அணி 1920-லேயே டோக்கியோவின் ஷிபவுராவில் உருவாகிவிட்டது. மைதானம் இருந்தது, நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் லீக் இல்லை, தாங்கிப்பிடிக்க முதலாளி இல்லை. 1923 செப்டம்பர் நிலநடுக்கத்துக்குப் பிறகு நிவாரணப் பணிக்கென்று அரசு மைதானத்தை எடுத்துக்கொண்டது. அணி கலைந்தது. ஹான்க்யூ ரயில் கம்பெனியின் கோபயாஷி இச்சிசோ அவர்களைத் தன் ரயில் ஓடிய தக்காரசூகாவுக்கு அழைத்துப்போய் 1929 வரை ஓட்டினார். அதுவும் நிலைக்கவில்லை. நாடு முழுக்க ரசிகர்கள் இருந்தும் தொழில்முறை ஆட்டம் ஒருமுறை செத்துப்போயிருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம்.

சும்மா_சொல்றேன்:
இதுல யோசிக்க என்ன இருக்கு? சாமுராய் மண்ணு அது. பிட்சரும் பேட்டரும் நேருக்கு நேர் நிக்கறது வாள் சண்டை மாதிரி. ஒழுக்கம், பயிற்சி, தியாகம்னு புஷிதோங்கிற சாமுராய் நெறிக்கும் அந்த ஆட்டத்துக்கும் அப்படியே பொருந்திப் போச்சு. நமக்கு அந்த ரத்தம் இல்ல, அதான் வரல.

பழையபேப்பர்:
இந்தப் புஷிதோ கதையை எங்கே போனாலும் கேட்கவேண்டியிருக்கிறது.

புஷிதோ பற்றி ஆங்கிலத்தில் எழுதி உலகத்துக்கே அதை அறிமுகப்படுத்தியவர் நிதோபே இனாசோ. 1911-இல் ஆசாஹி நாளிதழ் ‘பேஸ்பால் கேடு’ என்று நாள்கணக்கில் ஒரு தொடர் வெளியிட்டது. அதில் முதல் ஆளாக வந்து, இது எதிராளியை ஏமாற்றித் தளத்தைத் திருடும் பிக்பாக்கெட் ஆட்டம் என்று திட்டியவர் இதே நிதோபே. அப்போது அவர் இச்சிகோவின் தலைமை ஆசிரியர்! 29-4 ஜெயித்த அதே பள்ளி.

அடுத்த கூத்து: நாலே வருடத்தில், 1915-இல், பள்ளிகளுக்கான தேசியப் போட்டியை ஆரம்பித்தது யார்? அதே ஆசாஹி. கேடு என்று எழுதியும் பத்திரிகை விற்றது, போட்டி நடத்தியும் விற்றது.

மாணவர்கள் பயிற்சியில் அந்தச் சாமுராய் முறுக்கு இருந்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 1935 பிப்ரவரியில், ரூத்தை அழைத்துவந்த யோமியூரி பத்திரிகை முதலாளி ஷோரிகி மாட்சுதாரோவை அலுவலக வாசலிலேயே ஒருவன் வாளால் வெட்டினான். அவன் ஒரு தேசியவாத அமைப்பைச் சேர்ந்தவன். மெய்ஜி பேரரசரின் நினைவாலயத்தை ஒட்டிய மைதானத்தில் வெளிநாட்டுக்காரனை ஆடவிட்டாய் என்பது குற்றச்சாட்டு. ஆக வாளை எடுத்தவன் பேஸ்பாலுக்கு எதிராகத்தான் எடுத்தான்.

தெருமுனை_கிரிக்கெட்:
அண்ணே இது தெரியாதே! ஷோரிகி பிழைச்சாரா? அவருக்கு பேஸ்பால் மேல அவ்வளவு பைத்தியமா?

பழையபேப்பர்:
பிழைத்தார், 1969 வரை இருந்தார். பேஸ்பால் பைத்தியமெல்லாம் இல்லை. அவர் முன்னாள் போலீஸ் அதிகாரி. பட்டத்து இளவரசர் மீது 1923 டிசம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்ததால் வேலை போனது. மறுவருடம் நொடித்துக் கிடந்த யோமியூரியை வாங்கினார். ஆசாஹி கோடைகாலப் பள்ளிப் போட்டியை வைத்திருந்தது, மைனிச்சி வசந்தகாலப் போட்டியை வைத்திருந்தது. இவருக்கென்று ஏதாவது வேண்டாமா? 1931-இல் லூ கெரிக் அடங்கிய அமெரிக்க அணியை வரவழைத்தார். அந்தமுறை ரூத் வரவில்லை. 1934-இல் ரூத்தையே பிடித்தார். வர மாட்டேன் என்று அடம்பிடித்த ரூத்தைச் சம்மதிக்க வைக்க, அவர் முடி வெட்டிக்கொண்டிருந்த கடைக்கே ஷோரிகியின் ஆள் போய், ரூத்தின் முகத்தைப் பெரிதாகப் போட்டு அச்சடித்த விளம்பரத் தாளை விரித்துக் காட்டினார். மனுஷன் சிரித்துவிட்டார், ஒப்புக்கொண்டார்.

இனிமேல்தான் விஷயம். 1932-இல் கல்வி அமைச்சகம் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்திருந்தது: மாணவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஆடக்கூடாது. மாணவர் ஆட்டத்தில் காசு நுழைந்து கெட்டுப்போகிறது என்று போட்ட தடை. விளைவு என்ன ஆனது? ரூத் அணிக்கு எதிராக நிறுத்த, படிப்பை முடித்தவர்களையும் பாதியில் விட்டவர்களையும் வைத்துத் தனி அணி கட்டவேண்டி வந்தது. கியோட்டோ வணிகப் பள்ளியில் படித்த 17 வயது சாவாமுரா எய்ஜி அப்படிப் பள்ளியை விட்டு வந்தவன்தான். 1934 நவம்பர் 20, ஷிசுவோகா மைதானம். கெரிங்கர், ரூத், கெரிக், ஃபாக்ஸ் நாலு பேரையும் வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்கவிடாமலே அவுட்) ஆக்கினான். ஏழாவது இன்னிங்ஸில் கெரிக் அடித்த ஒரே ஒரு ஹோம் ரன்னால் (நம் சிக்ஸர் மாதிரி) 1-0 என்று தோல்வி. ஜப்பான் அணி அந்தச் சுற்றில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை, ரூத் மட்டும் 13 ஹோம் ரன் அடித்தார். ஆனால் ஜப்பான்காரர்கள் இன்றுவரை சொல்வது அந்த 1-0 தோல்வியைத்தான்.

ஆட்டம் முடிந்ததும் அந்த அணியைக் கலைக்க முடியாது. பள்ளிக்குத் திரும்ப வழியில்லாதவர்கள் அவர்கள். 1934 டிசம்பர் 26-இல் அவர்களை வைத்தே கம்பெனியாகப் பதிவு செய்தார் ஷோரிகி. இன்றைய யோமியூரி ஜயன்ட்ஸ் அதுதான். மாணவர் ஆட்டத்தைக் காப்பாற்றப் போட்ட தடைதான் தொழில்முறை அணியைப் பெற்றெடுத்தது என்பேன் நான்.

(கொக்குரா நகரில் மழையோடு நடந்த ஆட்டத்தில் ரூத் குடை பிடித்தபடி ஃபீல்டிங் செய்தார். சேற்றில் உட்கார்ந்து பார்த்த கூட்டத்துக்கு அதற்கே டிக்கெட் காசு செரித்திருக்கும்.)

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் ஹீரோ கதையே பேசுறீங்க. நான் தொழிலால ஆடிட்டர், எனக்கு நஷ்டத்தை யார் தாங்கினாங்கங்கிறதுதான் கேள்வி.

1936-ல லீக் ஆரம்பிச்சப்ப இருந்தது ஏழு டீம். அதுல நாலு டீமுக்குப் பின்னால பத்திரிகை, மூணு டீமுக்குப் பின்னால ரயில் கம்பெனி. பேஸ்பால்ல சம்பாதிக்கணும்னு வந்தவங்க ஒருத்தரும் இல்ல. ஒருத்தருக்குப் பேப்பர் விக்கணும், இன்னொருத்தருக்கு ரயில் டிக்கெட் விக்கணும். டீம் நஷ்டத்துல ஓடினாலும் வீட்டுத் தொழில்ல வரவு வந்துடும்.

1954-ல ஜப்பான் வரித்துறை ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. டீமோட நஷ்டத்தைத் தாய்க் கம்பெனி ஈடுகட்டினா, அதை விளம்பரச் செலவுன்னு கணக்குல எழுதலாம். இதைவிட உரம் வேற என்ன வேணும்? ரூத்துக்கு வைக்கிற சிலையில பாதியாவது அந்தச் சுற்றறிக்கைக்கு வைக்கணும்.

கன்சாய்_வாசி:
கணக்குப்பிள்ளை சார் சொல்றதை நான் தினமும் கண்ணால பாக்குறேன். நான் குடியிருக்கிறது ஹான்ஷின் ரயில் பாதையில. டைகர்ஸ் டீமும் அவங்களோடது, கோஷியென் மைதானமும் அவங்களோடது, அதுக்குப் போற ரயிலும் அவங்களோடது. மைதானத்தைக் கட்டினது 1924-ல. பழைய ஆத்துப்படுகையை வாங்கி நிலமாக்கி, மைதானம் கட்டி, வாசல்ல ஸ்டேஷனும் வச்சாங்க. ஆட்டம் முடியற நேரத்துக்குச் சிறப்பு ரயில் தயாரா நிக்கும். தோத்த ராத்திரியிலயும் கூட்டத்துக்கு டிக்கெட் எடுத்துதானே வீட்டுக்குப் போகணும்.

உள்ள போனா, முதுகுல பீர் டேங்க்கைக் கட்டிக்கிட்டு காலேஜ் பொண்ணுங்க செங்குத்துப் படியில ஏறி இறங்கிட்டே இருப்பாங்க. கையைத் தூக்கினா போதும், மண்டி போட்டு உக்காந்து குழாயிலேர்ந்து நுரை வழியாம ஊத்துவாங்க. ஒவ்வொரு பேட்டருக்கும் தனிப் பாட்டு, டிரம்பெட், தாளம். எதிரணி பேட் பண்ணும்போது எதிரணி ரசிகர்கள் மட்டும்தான் சத்தம் போடுவாங்க. நம்ம சேப்பாக்கத்து ஆளுக்கு அந்த முறை விசித்திரமா இருக்கும்.

ஆனா பழையபேப்பர் ஐயா சொன்ன பள்ளிக்கூட விஷயத்துக்கு ஒரு சாட்சி சொல்றேன். ஆகஸ்ட் வந்தா டைகர்ஸ் தன் சொந்த மைதானத்தைக் காலி பண்ணிட்டு வெளியூர் போயிடும். ஏன்னா பள்ளிப் பசங்க போட்டி. கோடிக்கணக்குல சம்பளம் வாங்குறவன் பதினேழு வயசுப் பையனுக்கு இடம் விட்டு ஒதுங்குறான்! ஒவ்வொரு ஆட்டமும் சைரன் ஊதி ஆரம்பிக்கும். போர் முடிஞ்ச நாளான ஆகஸ்ட் 15 மதியம் ஆட்டத்தை நிறுத்தி எல்லாரும் எழுந்து மௌனமா நிப்பாங்க. தோத்த பசங்க அழுதுக்கிட்டே மைதானத்து மண்ணைப் பையில அள்ளிட்டுப் போவாங்க. 1958-ல ஓகினாவாலேர்ந்து ஷுரி பள்ளி வந்து தோத்து, அப்படி மண்ணை எடுத்துட்டுப் போச்சு. ஓகினாவா அப்ப அமெரிக்கா கையில. வெளிநாட்டு மண்ணுன்னு துறைமுகத்துல தாவரத் தடைச்சட்டம் காட்டிக் கடல்ல கொட்டிட்டாங்க. விஷயம் கேள்விப்பட்ட விமானப் பணிப்பெண் ஒருத்தர், கல்லுக்குச் சட்டம் இல்லையேன்னு கோஷியென் கூழாங்கல்லா பொறுக்கி அனுப்பி வச்சாங்க.

ஹான்நதி:
சியோலில் இருக்கிறேன், கொரியக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே லீக்கை வைத்தது பத்திரிகையும் இல்லை, ரயிலும் இல்லை. ராணுவ ஆட்சி. 1980 மே மாதம் குவாங்ஜுவில் மக்களைச் சுட்டுத்தள்ளிய சுன் டூ-ஹ்வான், 1982 மார்ச் 27 அன்று டோங்டேமுன் மைதானத்தில் முதல் பந்தை வீசித் தொடங்கிவைத்தார். சாம்சங், லோட்டே, ஹைதாய் என்று பெரிய கம்பெனிகளுக்கு ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தார்கள். மக்கள் அரசியல் பேசாமல் மைதானத்துக்குப் போகட்டும் என்ற கணக்கு அதில் இருந்தது என்பதை இங்கே யாரும் ஒளித்துப் பேசுவதில்லை.

அன்றைய ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸில் எம்.பி.சி. தொலைக்காட்சி அணியின் லீ ஜோங்-டோ அடித்த கிராண்ட் ஸ்லாமோடு (மூன்று தளத்திலும் ஆள் நிற்கும்போது அடிக்கும் ஹோம் ரன்) முடிந்தது. அரசாங்கம் திட்டம் போட்டாலும் அப்படியொரு முடிவு கிடைக்காது.

மேலிருந்து திணித்தது எப்படி நிலைத்தது என்று கேட்டால், இங்கேயும் பள்ளிகள்தான். எழுபதுகளில் உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளுக்கு நாடே கூடியது. 1972 இறுதி ஆட்டத்தில் 1-4 என்று பின்தங்கிக் கிடந்த குன்சான் வணிகப் பள்ளி, கடைசி இன்னிங்ஸில் 5-4 என்று ஜெயித்ததை இன்றும் வயதானவர்கள் சொல்வார்கள். லீக் வந்தபோது அந்தப் பள்ளிப் பாசம் அப்படியே ஊர் அணிக்கு மாறியது. குவாங்ஜுவில் நடந்ததுதான் எனக்கு எப்போதும் வியப்பு. அந்த ஊர் ஹைதாய் டைகர்ஸ் 1983-க்கும் 1997-க்கும் இடையே ஒன்பது முறை பட்டம் வென்றது. வாய்விட்டுப் பேச முடியாத காலத்தில் அந்த மைதானத்தில்தான் ஊர் மொத்தமாகச் சேர்ந்து பாட முடிந்தது. மறக்கடிக்கக் கொடுத்த ஆட்டத்தை வைத்தே நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

சும்மா_சொல்றேன்:
சரிங்க அக்கா, கொரியாவை விடுங்க. ஜப்பான்ல போருக்கு அப்புறம் அமெரிக்க ராணுவம் உக்காந்துதே, அவங்கதானே பேஸ்பாலை வளர்த்தாங்க? ஆண்டவன் ஆட்டத்தை அடிமை ஆடுவான், நாம கிரிக்கெட் ஆடுற மாதிரி.

பழையபேப்பர்:
பாதி சரி. சரணடைந்து ஏறக்குறைய மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, 1945 நவம்பர் 23-இல் டோக்கியோவில் கிழக்கு, மேற்கு அணிகள் ஆடின. பசியும் பட்டினியுமாக இருந்த ஊரில் கூட்டம் வந்தது. அமெரிக்க நிர்வாகம் ஆதரித்தது, 1949-இல் லெஃப்டி ஓ’டூல் சான் ஃபிரான்சிஸ்கோ சீல்ஸ் அணியை அழைத்து வந்தார். மறுவருடம் லீக் சென்ட்ரல், பசிபிக் என்று இரண்டாகப் பிரிந்தது. சாவாமுரா அதையெல்லாம் பார்க்கவில்லை. மூன்று முறை படையில் சேர்க்கப்பட்டு, 1944 டிசம்பரில் கப்பலோடு மூழ்கிப்போனார். சிறந்த பிட்சருக்கான விருது 1947 முதல் அவர் பெயரில் இருக்கிறது.

ஆனால் போருக்குப் பின்னும் பல வருடம் தொழில்முறை ஆட்டத்துக்கு மதிப்புக் குறைவுதான். கௌரவம் பல்கலைக்கழக ஆட்டத்துக்கே. அது கைமாறியது 1958-இல், ரிக்யோ பல்கலைக்கழக நட்சத்திரம் நாகாஷிமா ஷிகேயோ ஜயன்ட்ஸில் சேர்ந்தபோது. முதல் ஆட்டத்தில் கனேடா மசாயிச்சி அவரை நாலு முறையும் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், அது வேறு கதை. 1959 ஜூன் 25, பேரரசர் முதன்முறையாக வந்து பார்த்த தொழில்முறை ஆட்டம். கடைசி இன்னிங்ஸில் நாகாஷிமா அடித்த ஹோம் ரன்னோடு ஆட்டம் முடிந்தது. அரண்மனையே வந்துவிட்ட பிறகு இதை யார் மட்டமாகப் பேசுவது?

இதில் ஷோரிகி கை மறுபடியும் வருகிறது. 1953-இல் நாட்டின் முதல் தனியார் தொலைக்காட்சியைத் தொடங்கியவரும் அவரே. வீட்டில் டிவி வாங்க வசதியில்லாத காலத்தில் தெருமுனையிலும் ஸ்டேஷன் வாசலிலும் பெட்டிகளை வைத்து ஜயன்ட்ஸ் ஆட்டத்தைக் காட்டினார். நாடெங்கும் ஜயன்ட்ஸ் ரசிகர்கள் முளைத்தது அப்படித்தான். ஜயன்ட்ஸின் இன்னொரு நட்சத்திரம் ஓ சதஹாருவும் நாகாஷிமாவும் சேர்ந்து 1965 முதல் 1973 வரை தொடர்ந்து ஒன்பது பட்டம்.

வடமராட்சிக்காரன்:
இலங்கையிலயும் ஜப்பான்காரர் பேஸ்பாலுக்கு மைதானம் கட்டித் தந்தவை. ஹோமாகமவுக்குக் கிட்ட, தியகமவில இருக்கு. பள்ளிக்கூடப் பெடியள் ஆடுகினம்தான். எண்டாலும் பின்னேரம் வெறுங்காணியைக் கண்டா கையில எடுக்கிறது கிரிக்கெட் மட்டைதான். மைதானம் குடுத்தாப் போதாது கண்டியளோ.

கணக்குப்பிள்ளை:
இந்த இழையில யாரும் தொடாத பக்கம் ஒண்ணு இருக்கு. தாய்க் கம்பெனி நஷ்டத்தைத் தாங்கும்னு தெரிஞ்சதும் டீம் நடத்துறவன் கூட்டத்தைப் பத்திக் கவலைப்படுறதை விட்டுட்டான். டிவி எல்லாம் ஜயன்ட்ஸைக் காட்ட, ஜயன்ட்ஸ் இல்லாத பசிபிக் லீக் மைதானங்கள் ஈ ஓட்டுச்சு. ரயில் கம்பெனிகளுக்கே லாபம் சுருங்கினதும் ஒவ்வொண்ணா கழண்டுக்கிச்சு. 1988-ல நன்காயும் ஹான்க்யூவும் டீமை வித்துட்டு வெளியேறின. 2004-ல கின்தெட்சு ரயில் கம்பெனியோட டீமை ஓரிக்ஸ் டீமோட இணைக்கப் போறோம்னு சொன்னப்ப, ஆட்டக்காரங்க சங்கம் ஃபுருதா அட்சுயா தலைமையில செப்டம்பர் 18, 19 ரெண்டு நாள் வேலைநிறுத்தம் பண்ணுச்சு. அந்த லீக்ல முதல் முறை.

எல்லாத்துக்கும் விதிவிலக்கு ஹிரோஷிமா கார்ப். அணுகுண்டு விழுந்து அஞ்சு வருஷத்துல களம் இறங்கின டீம், பின்னால பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. சம்பளம் கொடுக்க வழியில்லாம 1951-ல மைதான வாசல்ல பீப்பாயை வச்சு ஊர் ஜனங்ககிட்ட காசு திரட்டினாங்க. முதல் லீக் பட்டம் வர 1975 ஆச்சு. அதுக்கு முன்னாலயே மாஸ்டா கார் கம்பெனி பங்கு எடுத்திருந்தது. ஆனா அந்தப் பீப்பாய்க் காசை எந்தக் கணக்குத் தலைப்புல எழுதறதுன்னு எனக்குத் தெரியல.

தெருமுனை_கிரிக்கெட்:
அப்ப என் மும்பை கோப்ராஸ் கேள்விக்குப் பதில் கஷ்டம்தான் போல. 2007-ல இஸ்ரேல்ல ஒரு லீக் ஆறு டீமோட ஆரம்பிச்சு, பழைய அமெரிக்க ஆட்டக்காரங்களை மேனேஜரா போட்டு, ஒரே சீசனோட மூடிட்டாங்கன்னு இப்பதான் தேடிப் படிச்சேன். அங்க பள்ளிக்கூடமும் இல்ல, பீப்பாய்ல காசு போடுற ஊரும் இல்ல.

ஒரே ஒரு சந்தேகம். ரயில் கம்பெனிகள் போனதும் ஜப்பான் லீக் படுத்துடலையே? ஏன்?

கன்சாய்_வாசி:
படுக்கல, ஊர் மாறுச்சு. நன்காய் ஹாக்ஸை டைஏய் சூப்பர்மார்க்கெட் வாங்கி 1989-ல ஃபுகுவோகாவுக்குக் கொண்டுபோச்சு, இப்ப அது சாஃப்ட்பேங்க் கையில. லோட்டே 1992-ல சிபாவுக்குப் போச்சு. நிப்பான் ஹாம் 2004-ல டோக்கியோவை விட்டு சப்போரோவுக்குப் போச்சு. அந்த வேலைநிறுத்தம் முடிஞ்ச மறுவருஷம் செண்டாய்ல ராகுடென் புது டீமா இறங்குச்சு. எல்லாம் அந்த நேரத்துல பெரும்பாலும் ஜயன்ட்ஸை டிவில பாத்துக்கிட்டிருந்த ஊருங்க. இப்ப ஃபுகுவோகாவுல ஜயன்ட்ஸ் தொப்பி போட்டு நடந்தா ஒரு மாதிரி பாப்பாங்க.

நீங்க வர்றதா இருந்தா சொல்லுங்க, டைகர்ஸ் டிக்கெட் கடைசி நேரத்துல கிடைக்காது. ஆகஸ்ட்ல வந்தா பள்ளிப் பசங்க ஆட்டத்துக்குக் காலையிலயே போயிடலாம். தொப்பியும் தண்ணியும் எடுத்துக்கோங்க, வெயில் நம்ம ஊரைத் தோக்கடிக்கும்.